ஓரக் குழிகள்

1

இதை நான் கதையாகத் தொடங்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரு கட்டுரை.

இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் பகுதித் தமிழர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறது. பாதி விளம்பரம், கால்வாசி வாழ்த்துச் செய்தி, மிச்ச இடத்தில் என்னைப் போன்றவர்கள். தொகுப்பவர் அருணாசலம். மௌலா அலிப் பக்கம் அரசு ஆலையொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மார்ச்சில் போன் செய்தார்.

"மேடம், இந்தத் தடவை கதை வேணாம். உங்க கதைன்னாலே யாராவது ஒருத்தர் கஷ்டப்படுறாங்க. பசங்களுக்கு உபயோகமா எழுதுங்க. பி.எஸ்ஸி. படிக்கிற பசங்களுக்கு கோடை லீவுல ஆராய்ச்சி பண்ண சான்ஸ் குடுக்குறாங்களாமே, ஸ்டைபண்டோட? நம்ம தார்நாகாவிலயே எத்தனை லேப் இருக்கு! நம்ம பிள்ளைங்களுக்கே தெரியறதில்ல."

"எனக்கும் தெரியாதே சார்."

"டேனியல் பொண்ணு போயிட்டு வந்திருக்கு. ஆக்னஸ்னு பேரு. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க. போய்ப் பேசுங்க. ரெண்டு பக்கம் போதும். ஊக்கமா இருக்கணும்."

பகலில் நான் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் பயனர் கையேடு எழுதுபவள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதிச் சம்பாதிக்கிறேன். ஊக்கமும் அப்படி ஒரு பொத்தான்தான், எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

2

முதல் தொடக்கம் இது. ஆக்னஸைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்தது:

"நீங்கள் இளநிலை அறிவியல் மாணவரா? கோடை விடுமுறையைப் பயனுள்ள வகையில் கழிக்க விரும்புகிறீர்களா? நாட்டின் முன்னணி ஆய்வகங்களின் கதவுகள் உங்களுக்காகத்

[திறந்திருக்கின்றன என்று முடிய வேண்டிய வாக்கியம். அப்படியே கிடக்கட்டும்.]

இரண்டாவது தொடக்கம், அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று எழுதியது:

"மே மாத வெயிலில் தார்நாகாச் சாலை உருகிக்கொண்டிருந்தது. அறிவியலும் அறமும் மோதும் அந்தக் கணத்தில் ஆக்னஸ்

[மோதவில்லை. யாரும் எதன்மீதும் மோதவில்லை. எல்லோரும் மெதுவான குரலில்தான் பேசினார்கள்.]

மூன்றாவது:

"ஆக்னஸ் என்ற பெண் ஒரு கோடையில் ஓர் ஆய்வகத்துக்குப் போனாள். வேலை கற்றுக்கொண்டாள். ஒரு தவறைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததைச் சொன்னாள்."

இதையே வைத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் அலங்காரம் எதுவும் ஒட்டவில்லை.

3

ஆக்னஸின் அப்பா டேனியல், லாலாகூடா ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். குடும்பம் அரக்கோணத்திலிருந்து எந்தக் காலத்திலோ இங்கே வந்தது. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழுக்குள் தெலுங்கும் தக்கனி உருதுவும் வாடகை தராமல் குடியிருக்கின்றன. ஆக்னஸ் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கதையை அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். காட்டினேன். அது பின்னால் வரும்.

அவள் அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். கோடை ஆய்வுத் திட்டத்துக்கு அவள் கல்லூரியிலிருந்து நிறையப் பேர் விண்ணப்பித்தார்கள். அவளுக்கு மட்டும் கிடைத்தது. கல்லூரி முதல்வர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூச்செடித் தொட்டியைக் கொடுத்தார். அம்மா அதை வாசலில் வைத்தாள்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் ஜம்புநாதன்.*

* பெயர்கள் நான் வைத்தவை. ஆய்வகமும் நான் கட்டியது. தார்நாகாவில் போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. கிடைத்தால் அது வேறொன்று.

முதல் நாள் அவளுடைய பெயரையும் ஊரையும் கேட்ட ஜம்புநாதன் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"அரக்கோணமா? அட, நம்ம பொண்ணு! இங்க யாரும் ஏதாவது சொன்னா நேரா எங்கிட்ட வந்து சொல்லும்மா. பயப்படாதே. கேள்வி கேளு. கேள்வி கேக்காதவங்களுக்கு இங்க இடமில்ல."

"ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுக்கா" என்றாள் ஆக்னஸ். "அவ்வளவு பெரிய லேப்ல தமிழ்ல பேசுறாரு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பத்துத் தடவை சொன்னேன்."

அவர் அன்று சொன்னது பொய் என்று நான் எழுத விரும்பினேன். ஆக்னஸ் விடவில்லை. அன்றைக்கு அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்கிறாள். மனிதர்கள் காலையில் நம்புவதை மாலையில் நம்ப வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

4

இப்போது மாதவ். இவனை எழுதுவதுதான் கஷ்டம்.

மாதவ் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தவன். நல்கொண்டாக்காரன். கல்யாணமாகிவிட்டது. மனைவி நல்கொண்டாவில் பள்ளி ஆசிரியை, இவன் இங்கே ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமைக் கணவன். பட்டம் வந்தால்தான் இருவரும் ஒரு வீட்டில் இருக்க முடியும்.

ஆக்னஸுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு அவனுக்கு. வேறு ஆய்வகங்களில் கோடை மாணவர்களுக்குக் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைதான் கிடைக்குமாம். மாதவ் முதல் வாரமே அவள் கையில் பிப்பெட்டைக் கொடுத்தான். துளி அளவுத் திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி. கட்டைவிரலை எவ்வளவு மெல்ல எடுக்க வேண்டும் என்று அவள் கைமேல் படாமல், தன் கையைப் பக்கத்தில் வைத்துச் செய்துகாட்டினான். மதியம் தன் டப்பாவிலிருந்து கோங்குராப் பச்சடியை அவள் மூடியில் வைப்பான். அவளை "ஆக்னஸ் காரு" என்று கூப்பிடுவான். கேலிக்குத்தான். ஆனால் அதற்கு முன் யாரும் அவள் பெயரோடு மரியாதையாக எதையும் சேர்த்ததில்லை.

[மாதவ் பேசியது தெலுங்கில். நான் தமிழில் எழுதுகிறேன். தமிழில் அவன் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறானோ என்று சந்தேகம்.]

முதல் படியில் மாதவைக் கோழையாக எழுதினேன். இரண்டாவது படியில் பலியாடாக. இரண்டையும் அழித்துவிட்டேன். இப்போது அவன் செய்ததை மட்டும் எழுதப்போகிறேன்.

5

ஆய்வகத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இருந்தது. அதை மருந்து என்றே சொல்கிறேன். புற்றுநோய்ச் செல்களை அது கொல்கிறது என்று ஜம்புநாதன் ஏற்கனவே கட்டுரை வெளியிட்டிருந்தார். மாதவின் ஆய்வேடு முழுக்க அதன் மேல்தான் நின்றது.

சோதனை இப்படி. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் செல்களும், அவை உயிரோடு இருக்கத் தேவையான சிவப்புத் திரவமும். அந்தத் திரவத்தை மீடியம் என்பார்கள். சில குழிகளில் மருந்து விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். தட்டை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியில் ஓரிரு நாள் வைத்துவிட்டு, எவை செத்தன என்று பார்ப்பார்கள்.

அந்த ஆய்வகத்தில் மருந்து எப்போதும் தட்டின் ஓரக் குழிகளில். மருந்தில்லாதவை நடுவில். மருந்து தெறித்து மற்றவற்றில் விழக் கூடாது என்பதற்காக அப்படி. "இது சார் போட்ட லேஅவுட். மாத்தக் கூடாது" என்று மாதவ் முதல் வாரமே சொல்லியிருந்தான்.

ஒருநாள் தட்டுகள் போதவில்லை. ஒரே தட்டில் இரண்டு சோதனைகளை அடக்க வேண்டியிருந்ததால், ஆக்னஸ் கொஞ்சம் மருந்தை நடுக் குழிகளிலும் விட்டாள். எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் செல்கள் செத்துக் கிடந்தன. நடுவில், அதே மருந்தில், செழிப்பாக இருந்தன.

தன் கைதான் தப்பு செய்தது என்று அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் மறுபடி செய்தாள். மறுபடி அதே. பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதை என்னிடம் சொன்னபோது குரல் தாழ்ந்தது, ஆனால் முகம் மலர்ந்தது. அந்தக் கோடையைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் மலர்ந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"மருந்தே விடலக்கா. எங்கயும் விடல. தட்டு பூரா வெறும் மீடியம். எடுத்துப் பாத்தா ஓரத்துல எல்லாம் செத்துப் போச்சு!"

"ஏன்?"

"காஞ்சு போகுதுக்கா. மே மாசம், ஏசி வேற நாள் பூரா ஓடுது. பெட்டிக்குள்ள ஈரம் பத்தல. ஓரத்துல இருக்குறது மொதல்ல காயும். தண்ணி வத்துனா உப்பு ஏறிடும், செல்லு செத்துடும். மருந்து ஒண்ணும் பண்ணல. காய்ச்சல்தான் கொன்னுச்சு."

காய்ச்சல் என்றால் ஜுரம் இல்லை. காய்தல். அவள் தமிழ் அப்படி, நான் திருத்தவில்லை.

[விசாரித்துப் பார்த்தேன். இது உலகம் அறியாத அதிசயம் ஒன்றும் இல்லையாம். ஓரக் குழிகள் காயும் என்று தெரிந்து, பல இடங்களில் அவற்றில் வெறும் தண்ணீர் விட்டு ஒதுக்கிவிடுவார்களாம். அப்படியானால் ஆறு வருடம் அங்கே இருந்த மாதவுக்கு இது தெரியாதா? ஜம்புநாதனுக்கு? இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.]

6

அவள் முதலில் மாதவிடம்தான் காட்டினாள். அவன் தட்டை நுண்நோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"எத்தனை தடவை செஞ்சீங்க, ஆக்னஸ் காரு?"

"மூணு. தப்பா செஞ்சிருக்கேனா அண்ணா?"

"இல்ல. சரியா செஞ்சிருக்கீங்க." தட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இதையே காட்டுங்க. அப்படியே காட்டுங்க. சாருக்கு நேர்மையான டேட்டா பிடிக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம். சின்ன அறை, மேசையைச் சுற்றி ஆய்வகத்துக்காரர்கள். ஆக்னஸ் எழுந்து நின்று படங்களைக் காட்டினாள். ஆங்கிலம் தடுமாறியது, படங்கள் தடுமாறவில்லை. கடைசியாக, மருந்தே இல்லாத தட்டின் படம்.

ஜம்புநாதன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல வேலை" என்றார் ஆங்கிலத்தில். "இந்த லேஅவுட்டை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"மாதவ் அண்ணா, சார்."

அவர் மாதவ் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷம். ஆறு வருஷமா மருந்தை ஓரத்திலயே போட்டுட்டு இருந்தியா? ஒரு தடவைகூட மாத்திப் பாக்கத் தோணலையா? ஒரு காலேஜ் பொண்ணு வந்து கண்டுபிடிக்கணுமா?"

மாதவ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் திட்டு வாங்குவதை ஆக்னஸால் பார்க்க முடியவில்லை. பேசிவிட்டாள். "சார், அது உங்க லேஅவுட்டுன்னு சொன்னாங்க. மாத்தக் கூடாதுன்னு."

"யார் சொன்னது?"

அவள் மாதவைப் பார்த்தாள். மற்ற எல்லோரும் அவரவர் மடிக்கணினியைப் பார்த்தார்கள்.

மாதவ் தலை நிமிராமல் சொன்னான். "நான் அப்படிச் சொல்லல சார். அது என் லேஅவுட்தான்."

ஜம்புநாதன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு ஆக்னஸைப் பார்த்துத் தமிழில் பேசினார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"இதுக்கு மேல பேசாதேம்மா. சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டே. நம்ம பொண்ணுங்கறதால விட்டுடறேன்."

சொல்லும்போது புன்னகைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும், சார் அவளை அவள் மொழியிலேயே பாராட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

[நான் தமிழில் எழுதுகிறவள். இந்த வரிகளை எழுதியதும் கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது.]

7

அன்று சாயங்காலம் அவள் ஹப்சிகூடா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது மாதவ் வந்தான். ஓடி வந்திருந்தான், மூச்சிரைத்தது.

முதல் படியில் இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது ஆக்னஸ் கையைத் தூக்கி நிறுத்தினாள். "நக்கோ அக்கா, வேணாம். நான் அழல. அது நீங்க போட்டது. எனக்குப் பசிச்சுது. கோவத்துல எனக்கு எப்பவும் பசிக்கும்."

சரி. அழவில்லை. பசித்தது.

"நீங்கதானே அண்ணா காட்டச் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"காட்டத்தான் சொன்னேன். லேஅவுட் யாருதுன்னு சொல்லச் சொல்லல."

"உங்கள அவரு திட்டுனாரு. அதனாலதான் சொன்னேன்."

"திட்டினா திட்டிட்டுப் போறாரு. திட்டி முடிச்சதும் என் தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுடுவார். நீங்க சொன்னதுக்கு அப்புறம் நானும் ஆமான்னு சொல்லியிருந்தா போட்டிருப்பாரா?"

"அப்ப நான் பொய் சொன்னவளா?"

ஒரு பஸ் வந்தது, அது அவளுடையதில்லை. போன பிறகு அவள் வேறு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணா? ஓரம் காயும்னு?"

மாதவ் சொன்னானாம்: "ரெண்டாம் வருஷமே ஒரு தடவை கேட்டேன். 'ஏற்கனவே பேப்பர் வந்தாச்சு, மேலே போ'ன்னார். மேலே போயிட்டேன்."

"நீங்களே மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கோடையில வந்தவங்க. ஆகஸ்ட்ல இங்க இருக்க மாட்டீங்க. உங்களை என்ன பண்ணிட முடியும்னு நெனைச்சேன்."

இப்போது தெரிகிறதா, இவனை ஏன் என்னால் எழுத முடியவில்லை என்று? தான் விழுங்கிய வார்த்தையை அவள் வாயால் வெளியே எடுத்தான். அது சபையில் விழுந்ததும் தன்னுடையதில்லை என்றான். சோற்றைப் பங்கிட்டதும் அவன்தான், பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். பஸ் வந்தபோது "கவனமா ஏறுங்க" என்றானாம். காரு என்று சொல்லவில்லையாம்.

8

வீட்டில் டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏர் கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"கைக்கும்மா அவ்வளவு பேசினே? அவரு கேட்டது யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு. பேரைச் சொன்னே. முடிஞ்சுது. அதோட உக்காந்திருக்கணும்."

[கைக்கு என்றால் தக்கனியில் ஏன்.]

"மாதவ் அண்ணா பொய் சொன்னாருப்பா."

"நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்."

ஆக்னஸ் அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறே? என் சர்வீஸ் பூரா அதான் சொல்லியிருக்கேன். ஆபீசர் பண்ணின தப்ப 'என் தப்பு சார்'னு. அப்படிச் சொல்லித்தான் நீ பி.எஸ்ஸி. படிக்கிறே."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை என்று ஆக்னஸ் திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர் ஊற்றுகிறவர் தண்ணீர் ஊற்றுவதைப் போலவே சொன்னார். ஆய்வகத்தில் நடந்ததைவிட இதுதான் அவளைக் குத்தியது. அங்கே அவளைப் பொய்யாக்கினார்கள். இங்கே அது வழக்கம் என்றார்கள், அதுவும் சொன்னது அவளுக்கு மிகப் பிடித்த ஆள்.

9

மிச்சம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோடையின் மிச்ச நாட்களுக்கு அவளிடம் பிப்பெட் தரப்படவில்லை. குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டினாள். சான்றிதழ் வந்தது, நடத்தை: திருப்திகரம். உதவித்தொகை பைசா குறையாமல், சொன்ன நாளில் வந்தது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ("பணம் வந்துச்சுல்ல மேடம்? அதை எழுதுங்க!" என்றார் அருணாசலம். எழுதிவிட்டேன் சார்.)

பி.எஸ்ஸி. முடித்ததும் ஆக்னஸ் ஆராய்ச்சியோடு சேர்ந்த மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். முன்பு வேலை செய்த ஆய்வகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். ஜம்புநாதனுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. நேரில் போனாள். வாயிற்காவலர் மேலே போன் போட்டுக் கேட்டுவிட்டு, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். வெயிலில் நின்றாள். பிறகு ஜம்புநாதனின் கார் அவளைக் கடந்து வெளியே போனது. கண்ணாடி ஏற்றியிருந்தது, அதனால் அவர் பார்த்தாரா என்று தெரியாது. "பாத்திருக்க மாட்டாருக்கா" என்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் நான் நினைப்பது சாட்சியம் ஆகாது.

மாதவுக்குப் பட்டம் கிடைத்தது. ஜம்புநாதனின் கடிதத்தோடு வெளிநாடு போய்விட்டான். மனைவியும் கூடப் போயிருக்கிறாள். முகநூலில் பனியில் நிற்கும் படம் இருக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள். ஆக்னஸ் அதற்கு லைக் போட்டிருக்கிறாள்.

மருந்தைப் பற்றிய பழைய கட்டுரை அப்படியே இருக்கிறது. யாரும் திரும்பப் பெறவில்லை.

ஆக்னஸ் இப்போது உப்பல் பகுதியில் மெடிக்கல் கோடிங் செய்கிறாள். வெளிநாட்டு நோயாளிகளின் வியாதிகளுக்கு எண் போடும் வேலை. ஏசி அறை. வேகமாகச் செய்கிறாளாம், மேலதிகாரிக்கு அவள்மேல் நல்ல அபிப்பிராயம்.

10

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) மாதவ் வெளிநாட்டிலிருந்து அந்த இதழுக்கு உண்மையை எழுதி அனுப்புகிறான். கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. ஆக்னஸுக்கு மன்னிப்புக் கேட்டு

ஆ) ஜம்புநாதன் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தூக்கம் வருவதில்லை. மருந்தே இல்லாத அந்தத் தட்டு அவர் கண்முன்

இ) அருணாசலம் போனில் சொன்னது: "கடைசில அந்தப் பொண்ணு பெரிய சயின்டிஸ்ட் ஆயிட்டான்னு முடிச்சிடுங்க மேடம். நடக்கலன்னா என்ன, நடக்கலாம்ல?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மூன்றையும் ஆக்னஸுக்குப் படித்துக் காட்டினேன். காலை மடித்துக் கட்டிலில் உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

முதலாவதற்குச் சிரித்தாள். "அவரு கைக்கு எழுதப் போறாரு? இப்பத்தான் ஒரே வீட்ல இருக்காங்க. விடுங்கக்கா."

இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. "அவருக்குத் தூக்கம் வரலன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் அப்படித்தான், கெட்டது செய்தவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போவோம். அதை அடித்துவிட்டேன்.

மூன்றாவதைப் படித்ததும் அவள் கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"அது வேணாம். அத படிச்சா, எனக்கு நடந்தது நல்லதுக்குத்தான்னு ஆயிடும்."

11

இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஆக்னஸ் படித்த கல்லூரியில் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், ஹர்ஷிதா. கையில் ஸ்வீட் டப்பா. இந்த வருடம் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு அந்தக் கல்லூரியிலிருந்து அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது. எந்த ஆய்வகம் என்று ஆக்னஸ் கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள், ஜம்புநாதன் சார் ஆய்வகம் என்று.

டேனியல் உள்ளறையில் ரேடியோவை அணைத்தது எனக்குக் கேட்டது.

"உங்க பேரைச் சொன்னேன் அக்கா, இன்டர்வியூவில்" என்றாள் ஹர்ஷிதா தெலுங்கில், சந்தோஷத்தில் மூச்சு முட்ட. "எங்க காலேஜ் சீனியர் உங்க லேப்ல இருந்தாங்கன்னு. சார் சிரிச்சார். நல்லா ஞாபகம் இருக்குன்னார். நல்ல பொண்ணுன்னு சொன்னார். நாளை மறுநாள் சேரணும். அம்மா உங்களைப் போய்ப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

"உள்ள வா" என்றாள் ஆக்னஸ்.

"இல்லக்கா, அப்பா கீழே பைக்ல நிக்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க ஏதாவது தப்பா தெரிஞ்சா கேள்வி கேக்கலாமா? இல்ல, சும்மா இருந்துட்டு வரணுமா? அம்மாவுக்குத் தெரியல. நீங்க என்ன சொல்றீங்களோ அதைக் கேட்டுக்கச் சொன்னாங்க."

ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். என் மடியில் இந்தக் கதையின் தாள்கள் இருந்தன. அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நான் தாள்களைக் குனிந்து பார்த்துக்கொண்டேன், அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் மடிக்கணினியைப் பார்த்த மாதிரி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

பிறகு ஆக்னஸ் பதில் சொன்னாள். தெளிவாக, ஒரே வாக்கியத்தில். நான் கேட்டேன். உள்ளே டேனியலும் கேட்டிருப்பார்.

அதை எழுத மாட்டேன். "கேள்" என்று சொன்னாள் என்று எழுதினால், நீங்கள் அவளை வீராங்கனை என்பீர்கள், நெஞ்சு விம்ம அடுத்த பக்கத்து விளம்பரத்துக்குப் போவீர்கள். "சும்மா இரு" என்று சொன்னாள் என்று எழுதினால், ஐயோ பாவம் என்பீர்கள், அதே விளம்பரத்துக்குத்தான் போவீர்கள். இரண்டிலும் பதில் சொல்கிறவள் இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி. ஏன் அவள் சொல்ல வேண்டும்? ஆய்வகங்களில் வேலை செய்கிற நீங்கள், பிள்ளைகளை அங்கே அனுப்புகிற நீங்கள், மீட்டிங்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நீங்கள், யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

ஹர்ஷிதா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கீழே அவள் அப்பா ஹாரன் அடிக்கிறார்.